நிலாவின் முப்பத்திரண்டாம் பெயர்

“ஓஷதீசன்,” என்றார் எதிர் வீட்டுப் புரூஃப்காரர், வார்டுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு. “மூலிகைக்கெல்லாம் ராஜா.”

அந்தப் பக்கம் பெட்டிக்குள் கிடந்த அவர் பிள்ளை கொட்டாவி விட்டது.

“இத்தனை ஊசி குத்தியாச்சு. ராஜாதான்,” என்றேன்.

குறைமாதம். பிறந்தபோது ஒன்றேகால் கிலோ. ஒன்றே முக்கால் ஆனால்தான் வீட்டுக்கு விடுவார்கள். தினமும் தாய்க்குப் பிளாஸ்கில் பாலோடு நான் வந்துவிடுவேன். பால் ஒரு சாக்கு. அன்றைய எடை தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது.

இந்தப் பெயரெல்லாம் அச்சகத்தில் பிழை திருத்தும்போது அவருக்குக் கிடைத்த ஒரு தாளில் இருந்தவை. சந்திரனுக்கு முப்பத்திரண்டு பெயர், அர்த்தத்தோடு. தேய்ந்தாலும் திரும்ப வளர்கிறவனாம். அதனால் நாளுக்கொரு பெயர் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிடுவார். இன்றோடு தாள் தீர்ந்தது.

பெயர்ப் பேச்சே எடுக்கக் கூடாது என்று அவர் மனைவி, தையல்காரி, சத்தியம் வாங்கியிருந்தாள். போன வருஷம் பிறந்த பிள்ளைக்குப் பிறந்த அன்றே பெயர் வைத்தார்கள். பெயர் மட்டும்தான் வீட்டுக்கு வந்தது.

“நான் எங்க பேரு வைக்கிறேன்? நிலாவோட பேரைப் படிக்கிறேன், அவ்வளவுதானே,” என்பார் இவர். பிழை பார்க்கிறவருக்குச் சந்து கண்டுபிடிக்கவா தெரியாது!

அவளும் விட மாட்டாள். நிசாகரன், இரவை உண்டாக்குபவன் என்றால், “ஏற்கெனவே யாருக்கும் தூக்கமில்ல” என்பாள்.

மூன்றாம் நாள் சசி. நிலாவில் தெரியும் கறை முயலாம். அந்த முயலைச் சுமப்பவனாம்.

“ஏங்க, இருக்கறதே ஒண்ணேகால் கிலோ. இதுல முயலை வேற தூக்கணுமா எம்புள்ள?”

சிஸ்டர்கூடச் சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை.

அன்று ராத்திரி தைத்து எடுத்துவந்த தொப்பிதான் இன்றுவரை. ஒரே ஒரு தொப்பி. தினம் துவைத்து, ஜன்னல் கம்பியில் காயப்போட்டு, அதையே மாட்டுவாள். ஊருக்கெல்லாம் தைக்கிறவள், பெற்ற பிள்ளைக்கு இன்னொன்று தைத்தால் குறைந்தா போய்விடுவாள் என்று தெருவில் நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

எடை போடும் நேரம். சிஸ்டர் அவளை உள்ளே கூப்பிட்டாள். புரூஃப்காரர் தீர்ந்துபோன தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றார்.

எனக்குக் கை சும்மா இருக்குமா? கம்பியிலிருந்த தொப்பியை எடுத்தேன். தையல் எப்படி என்று பார்க்க, நெற்றி மடிப்பைப் பிரித்தேன்.

உள்ளே ஒரு முயல்.

கட்டைவிரல் நகம் அளவுதான். இரண்டு காது, ஒரு புள்ளி வால். நூல் துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தது.

“ஒண்ணே முக்கால்!” என்று உள்ளிருந்து சிஸ்டர் கத்தினாள். “இன்னைக்கே வீட்டுக்குப் போலாம்!”

மடிப்பை மூடினேன்.

புரூஃப்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “அக்கா, முப்பத்திரண்டும் முடிஞ்சுபோச்சு. இப்ப பேரு கேப்பாங்களே. அவ மனசுல ஏதாவது இருக்குமா?”

வாசலில் அவள், பிள்ளையோடு. அவள் பார்வை என் கையிலிருந்த தொப்பியில் விழுந்தது.

“எனக்கென்னப்பா தெரியும்?” என்றேன்.

நான் இப்படிச் சொன்னேன் என்றால் எங்கள் தெருவில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.