இறால் குரலில் ஒரு யோசனை

சிரிப்பு கடைசியில்தான் வரும், கொஞ்சம் பொறுங்கள்.

நான் கோமாளி மீன். எங்கள் கண்ணாடித் தொட்டியில் யார் குரலும் எனக்கு வரும். பாறையில் ஒட்டி வாழும் கடல் சாமந்தி அக்காவின் கொட்டும் கைகளுக்குள்தான் என் குடித்தனம். அக்கா எங்கே ஒட்டினாலும் குறை சொல்வாள். ஒரு நாள் இறால் குரலில், “அக்கா, அந்த மூலையில வெளிச்சம் அள்ளுது” என்றேன். மறுநாள் அதே மூலையில் ஓடும் தண்ணீர் மோட்டாரின் குரலில், “ர்ர்ர்... இங்க தண்ணி ஜோரா ஓடுது” என்றேன்.

ஒற்றைக் காலால் ஊர்ந்து ஊர்ந்து அக்கா அந்த மூலைக்கே போய்விட்டாள். நான் பழைய பாறையோரம் நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். நீங்கள் இன்னும் பொறுங்கள்.

அப்போது முரட்டு நீல மீன் என்னைத் துரத்தியது. வழக்கம்போல வீட்டுக்குள் பாய்ந்தேன். மொட்டைப் பாறையில் மூக்கு இடித்தது.

தூரத்து மூலையிலிருந்து அக்கா கேட்டாள்: “என்னடா இறாலு, வீட்டைக் காணோமா?”