ஒரே டேங்க்

"அழகெல்லாம் வேணாம் தம்பி. பெட்ரோல் குடிக்காம ஓடணும். அப்படி டயர் இருந்தா காட்டுங்க."

டயர்க் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். வழக்கமாக மைலேஜ் விசாரிப்பது கணவன்மார்கள்தான். மனைவிமார்கள் ஓரத்து நாற்காலியில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இங்கே அந்த அம்மாள் டயர் அடுக்குக்கு எதிரே நிற்க, கணவர் வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"இப்ப இருக்கிற வீல் யாரும்மா போட்டது?"

"எல்லாம் இவர்தான். ரேஸுக்குப் போறவர் மாதிரி."

"அகலம் அதிகம், கனமும் அதிகம். உருட்டவே இன்ஜின் கூடுதலா பெட்ரோல் தின்னும். கம்பெனி அளவுக்கே திரும்பிடுங்க. லேசான அலாய் வீல், அதுக்கு இந்த டயர்." ஒரு டயரை எடுத்துத் தரையில் வைத்து ஒற்றை விரலால் தள்ளினார். அது நல்ல பிள்ளையாக உருண்டுபோய்ச் சுவரில் சாய்ந்தது. "பாருங்க, எவ்வளவு சுலபமாப் போகுது."

"எவ்வளவு கூடக் கிடைக்கும்?"

"கொஞ்சம்தான். டயரை மாத்தினா வண்டி தண்ணியில ஓடும்னு நான் சொல்ல மாட்டேன்."

அம்மாள் மகளின் ஊர்ப் பெயரைச் சொன்னார். "ஒரே டேங்க்ல அங்க போய்ச் சேரணும். இப்ப ஊருக்குக் கொஞ்சம் முன்னாடியே முள்ளு கீழ விழுந்துடுது."

கடைக்காரர் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "காத்து சரியா இருந்து, பறக்காம ஓட்டினா, போயிடலாம்."

"மைலேஜ் மைலேஜ்னு ஏன் அந்த மனுஷனைப் போட்டுப் பிடுங்கற?" வாசலிலிருந்து கணவர் குரல் கொடுத்தார். "இருக்கிற பெட்ரோல் போதும்."

"எப்படிப் போதும்?"

"போதும்னா போதும்." கையிலிருந்த சாவிக்கொத்து ஓயாமல் குலுங்கியது.

"இன்னைக்கே மாட்டிடுங்க தம்பி," என்றார் அம்மாள். "விடியறதுக்கு முன்னாடி கிளம்பணும். நாளைக்கு எங்க பொண்ணோட கேக் கடை திறப்பு விழா."

மகள் பாங்க் வேலையை விட்டபோது, "மாவு பிசையப் போறவ என் பொண்ணே இல்ல" என்று சொன்னவர், இப்போது சாவியைக் குலுக்கிக்கொண்டிருந்தவர்தான். அதன் பிறகு அப்பாவும் மகளும் பேசவில்லை. நேற்று மகள் போனில் அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அப்பா வருவாராம்மா?"

கதவோரம் ஒட்டியிருக்கும் கம்பெனி வீல் அளவைப் பார்க்கக் கடைக்காரர் வண்டிக் கதவைத் திறந்தார். மூக்கைச் சுளித்தார். "என்ன சார், உள்ளே பெட்ரோல் வாடை அடிக்குது?"

"நேத்து டேங்க்கை வழிய வழிய நிரப்பினேன், அதான்," என்ற கணவர் அவசரமாக எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டார்.

"ஸ்டெப்னியையும் பார்த்துடவா? டிக்கியைத் திறங்க."

"வேணாம், அது நல்லாத்தான் இருக்கு." சட்டென்று சொல்லிவிட்டு, "நான் ஒரு காபி குடிச்சிட்டு வரேன்," என்று தெருவைக் கடந்து போய்விட்டார்.

பழைய வீல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. புதியவை ஏறின. அம்மாள் உட்காரவே இல்லை. எதிர்க் காபிக் கடையையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார் ஏம்மா இப்படி நிலைகொள்ளாம இருக்கார்?"

அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "பொண்ணைப் பார்க்கிறதுக்குன்னு இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை கிளம்பினோம் தம்பி. அவ ஊர் எல்லையில ஒரு பங்க் இருக்கு. பெட்ரோல் போட நிறுத்துவார். ஒரு காபி குடிப்பார். யோசிப்பார். 'அவ முகத்தை எப்படிப் பார்ப்பேன்'னு வந்த வழியே வண்டியைத் திருப்பிடுவார். ரெண்டு தடவையும் அதே இடம்தான். அவ சமைச்சு வச்சிட்டு வாசல்ல நின்னது எனக்குத்தான் தெரியும்."

கடைக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அந்த பங்க்ல வண்டி நிக்கவே கூடாது. அதுக்குத்தான் இந்த டயர். இதை அவர்கிட்ட எப்படிச் சொல்றது? பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன்னு சொல்லி வச்சிருக்கேன். கஞ்சப் பிசினாறின்னு நினைச்சுட்டுப் போகட்டும்."

"அப்படின்னா ஸ்டெப்னியைக் கட்டாயம் பார்க்கணும்மா," என்றார் கடைக்காரர். "வழியில பஞ்சராகி நின்னுட்டா அவ்வளவுதான்."

அம்மாள் எதிர்க் கடையை ஒருமுறை பார்த்துவிட்டு, டிரைவர் சீட்டுக்குக் கீழே கைவிட்டு நெம்புகோலை இழுத்தார். டிக்கி மெல்லத் திறந்தது. குப்பென்று வந்தது பெட்ரோல் வாடை.

ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், பழைய துண்டு சுற்றி, ஆடாமல் கயிற்றால் இறுகக் கட்டி, வாய் வரை நிரப்பிய ஒரு பெட்ரோல் கேன் இருந்தது.

"மூடு அதை." காபிக் கடையிலிருந்து பாதி ஓட்டமாக வந்த கணவருக்கு மூச்சு வாங்கியது. மனைவியின் முகத்தைப் பார்க்காமல், புதிய டயரைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது?"

"நேத்தே நிரப்பி வச்சேன்," என்றார் அவர். "அந்த பங்க்ல இறங்கினா என்னை நம்ப முடியாதுன்னு, உன்னைவிட எனக்குத்தான் நல்லாத் தெரியும்."