நலம் விசாரித்த நாடாப்புழு

ஏரியில் ஒரு கெண்டை மீன், தான் தின்ற நீர்ப்பூச்சியோடு ஒரு நாடாப்புழுவையும் சேர்த்து விழுங்கிவிட்டது. புழு வயிற்றுக்குள் வசதியாகப் படுத்துக்கொண்டு, தினமும் காலையில், "அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டது. கெண்டைக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஏரியில் அதை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

கெண்டை தின்றதில் பாதி புழுவுக்குப் போனது. கெண்டை இளைத்தது, புழு நீண்டது.

"என்னமோ தெரியலை தம்பி, உடம்புக்கே முடியலை," என்றது கெண்டை.

"அடியில ஒரே குளிர், அண்ணே. மேல போங்க, வெயில் இதமா இருக்கும்."

வழியில் வந்த ஆமை தடுத்தது. "மேல போகாதே, கரையில கொக்கு நிக்குது."

"பார்த்தீங்களா அண்ணே, நீங்க நல்லா இருந்தா இவருக்குப் பொறுக்காது," என்றது புழு.

கெண்டை ஆமையோடு பேச்சையே நிறுத்திவிட்டு மேலே போனது. கொக்கு ஒரே கொத்தில் அதை விழுங்கியது.

அந்தப் புழுவால் கொக்கின் வயிற்றில்தான் முட்டையிட முடியும். இதை அது கெண்டையிடம் சொன்னதே இல்லை.

புதிய வயிற்றில் நன்றாக ஒட்டிக்கொண்ட பிறகு, புழு மெல்லக் கேட்டது: "அண்ணே, சாப்பிட்டீங்களா?"

கொக்குக்குக் கண் கலங்கிவிட்டது.