விட்டுக்கொடுப்புப் படிவம்

பதினான்கு யூனிட்டா? சிந்துவதற்கு அவ்வளவு ரத்தம் தன்னிடம் இருந்ததா என்று வேதவல்லி எண்ணிக்கொண்டாள். கல்லீரல் மாற்றும்போது அவளுக்கு அத்தனை போகும் என்று காலைப் பரிசோதனை சொல்லிவிட்டது. பக்கத்து அறைக்காரருக்கு மூன்றுதான். வந்திருப்பதோ ஒரே கல்லீரல்; வரிசைப்படி அது அவளுக்குத்தான். அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

ரத்தம் குறைவாகச் செலவாகும் அவருக்கே கல்லீரலை விடச் சம்மதம் என்னும் விட்டுக்கொடுப்புப் படிவத்தையும் பேனாவையும் மருத்துவமனை ஆலோசகர் பெண் நீட்டினாள். "கட்டாயமில்லைங்கம்மா. ஆனா முக்கால்வாசிப் பேர் கையெழுத்துப் போட்டுடறாங்க."

"போட்டுடு வேதா. உனக்குத்தான் விட்டுக்கொடுத்துப் பழக்கமாச்சே," என்றார் கணவர், பாராட்டாகத்தான். பேருந்தின் ஜன்னலோரத்திலிருந்து பேங்க் வேலை வரை அவள் விட்டவைதான்.

பேனா அவள் கையிலேயே நின்றது.

"பேனா எழுதலையா? என்னுது தரட்டா?" என்றார் கணவர்.

"நல்லா எழுதுதுங்க. நான்தான் போடல," என்று படிவத்தை ஆலோசகரிடம் திருப்பிக் கொடுத்தாள்.