தாரை வார்த்தவர்

சாமியின் முதல் குருபூஜைக்குப் பர்கூரே திரண்டிருந்தது. கோயில் நுழைவுக்கும் குவாரித் தொழிலாளிகளின் கூலிக்கும் இயக்கம் கண்டு, ஜெயிலுக்கும் போன தலைவரல்லவா!

மேடையில் பேசிவிட்டு இறங்கிய முனிரத்னா, கடைசி வரிசையில் கோமளாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போர்த்திவிட்ட சால்வையை இன்னும் எடுக்கவில்லை. கோமளா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாமியே வந்து உங்க கல்யாணத்த நடத்துனாருன்னு பேசுனீங்களே, நெசமாவா?”

“நெசந்தாங்க்கா. எங்கப்பா இயக்கத்துக்காக ஜெயில்ல இருந்தாரு. சாமிதான் அப்பா எடத்துல நின்னு என்னைத் தாரை வார்த்துக் குடுத்தாரு. அப்ப அவரு கண்ணு கலங்கிப்போச்சுக்கா!”

“கலங்குச்சா?” கோமளா அவள் பக்கம் திரும்பினாள். “அது எப்போ?”

“ரெண்டாயிரத்துப் பத்து. வைகாசியில கடைசி முகூர்த்தம்.”

“எனக்கும் அதே முகூர்த்தந்தான். என்னை எங்க தாய்மாமன்தான் தாரை வார்த்தாரு.”

“அடடா! ஏன்க்கா, உங்கப்பா இல்லையா?”

மேடையில் மாலைக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்த சாமியின் படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கோமளா சொன்னாள்:

“இருந்தாரே, உங்க கல்யாணத்துல.”