வாசலெல்லாம் வேப்பிலை

"அம்மை குத்தறவரு நாளைக்கு நம்மூருக்கு வர்றாராம்!"

பாப்பிரெட்டிப்பட்டி சந்தைக்குப் போயிருந்த கரியன் கொண்டுவந்த சேதி இது. சித்தேரி மலையில் பத்துப் பதினைந்து வீடுகள் கொண்ட அந்தச் சிற்றூர் வெலவெலத்துப் போயிற்று. வெள்ளைக்காரன் ஆண்ட காலம்தான். ஆனாலும் அவனைவிட அவன் அனுப்புகிற ஊசிக்குத்தான் ஊர் அதிகம் பயந்தது.

"கையைக் கீறி மருந்து வெச்சா மாரியாத்தா கோவிச்சுக்குவா" என்றாள் பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள்.

"எனக்குச் சின்னதுல கீறினாங்க. ஒரு வாரம் காய்ச்சல்ல கெடந்தேன். கை பூசணிக்காயாட்டம் வீங்கிப்போச்சு" என்றான் கரியன்.

அவன் மனைவி சின்னபொண்ணு, மடியில் கிடந்த மகளைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். காய்ச்சலில் கிடந்தானாம், முகம் என்னவோ மழமழவென்றுதான் இருக்கிறது. கீறிக்கொள்ளாத அவள் முகத்தில்தான் அள்ளித் தெளித்தமாதிரி அம்மைத் தழும்பு. ஆனால் கீறப்போய்க் குழந்தைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்?

கரியன்தான் வழி சொன்னான்.

"எல்லா வூட்டு வாசல்லயும் வேப்பிலையைச் சொருவுங்க. ஊரு பூரா ஆத்தா எறங்கியிருக்கானு நெனச்சு, வந்த வழியே ஓடிருவாரு!"

கரியனின் மூளையை ஊரே மெச்சியது.

மறுநாள் காலை. தகரப்பெட்டியும் குடையுமாய், மூச்சு வாங்க மலையேறி வந்தார் அம்மை குத்துகிற பிலவேந்திரன். அவர் தலையைக் கண்டதும் எல்லோரும் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எந்த வாசலைப் பார்த்தாலும் வேப்பிலைக் கொத்து.

"இப்ப ஓடுவாரு பாரு" என்று கதவிடுக்கில் கண்ணை வைத்துச் சிரித்தான் கரியன்.

அவர் ஓடவில்லை. பெட்டியைப் பலாமரத்தடியில் இறக்கி வைத்தார்.

"அட பாவமே, வூடு தவறாம அம்மையா! தண்ணி சேந்தக்கூட ஆளிருக்காதே!"

உரக்கச் சொல்லிக்கொண்டே போய், கிணற்றடியில் பெண்கள் போட்டுவிட்டு ஓடிய குடங்களை எடுத்தார். தண்ணீர் சேந்தி, வாசல் வாசலாகக் கொண்டுவந்து வைத்தார். பட்டியில் கத்திய ஆடுகளுக்குத் தழை ஒடித்துப் போட்டார்.

"எப்பத்தான் போவாரு இந்த மனுசன்?" கரியன் நெளிந்தான். காலையிலிருந்து அவன் காட்டுப் பக்கம் ஒதுங்க முடியவில்லை.

"நல்லா வேணும்" என்றாள் சின்னபொண்ணு.

பொழுது சாயும் நேரத்தில் மலை முகட்டில் மேகம் திரண்டது. கரியனின் நெளிசல் நின்றுபோயிற்று. ஊருக்கு வெளியே பாறைமேல் மொத்த ஊரின் சாமையும் காய்ந்துகொண்டிருந்தது. இனி அறுப்பு வரும்வரை ஊர் குடிக்கிற கஞ்சி அதுதான்!

முதல் துளி விழுந்தது. ஒரு கதவும் திறக்கவில்லை. திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே.

பிலவேந்திரன் பாறைக்கு ஓடினார். ஒற்றை ஆளாக இரண்டு கையாலும் சாமையை வாரிக் குவித்தார். குடையை விரித்து ஒரு குவியலுக்கு வைத்தார். சட்டையைக் கழற்றி இன்னொன்றை மூடினார். ஒரு குடையும் ஒரு சட்டையும் எவ்வளவைத்தான் மூடும்?

சின்னபொண்ணுக்குப் பொறுக்கவில்லை.

"மானம் போனாப் போவட்டும்!" என்று குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கதவைத் தள்ளித் திறந்து ஓடினாள்.

அவ்வளவுதான். அம்மை கண்டு படுத்திருந்த ஊர் கூடையும் பாயுமாய் அவள் பின்னால் பாய்ந்தது. மழை வலுப்பதற்குள் சாமை முழுவதும் வீடு சேர்ந்துவிட்டது.

மழை விட்டது. அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள்.

கரியன் தலையைச் சொறிந்தான். "ஆத்தா... இப்பத்தானுங்க மலையேறினாங்க."

"அத்தனை வூட்டுலயிருந்தும் ஒரே நேரத்துலயா? மழைன்னா ஆத்தாவுக்கும் ஆவாதாட்டமிருக்கு!"

பிலவேந்திரன் இப்படிச் சொன்னதும் குள்ளம்மாள்தான் முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு ஊரே சிரித்தது.

சின்னபொண்ணு முன்னால் வந்து மகளின் கையை நீட்டினாள்.

"மொதல்ல இவளுக்குக் கீறுங்க. காய்ச்சல் வந்தா நான் பாத்துக்கறேன். எம் மூஞ்சியாட்டம் இவ மூஞ்சி ஆவக்கூடாது."

குழந்தை வீரிட்டது. வாயில் ஒரு துண்டு வெல்லம் விழுந்ததும் அழுகையை மறந்து சப்பத் தொடங்கியது. சின்னபொண்ணுக்குப் பின்னால் குள்ளம்மாள் தன் பையனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் ஊர்.

எல்லாம் முடிந்து அவர் பெட்டியை மூடும்போது சின்னபொண்ணு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"உங்களை ஏமாத்திட்டமுங்க. மன்னிச்சுக்கங்க."

"நான் எங்கம்மா ஏமாந்தேன்?" ஈரச் சட்டையைப் பிழிந்தபடி சிரித்தார் பிலவேந்திரன். "காலையில ஊருக்குள்ள கால் வெச்சப்பவே கருவாடு வறுக்கற வாசம் மூக்கைத் தொளைச்சுது. ஆத்தா எறங்கின வூட்டுல யாராச்சும் கருவாடு வறுப்பாங்களா?"

அவள் திகைத்துப் போனாள். "அப்ப... எல்லாம் தெரிஞ்சேதான் நாள் பூராத் தண்ணி சேந்தினீங்களா?"

"பொய்யினு கத்திக் கதவை ஒடைச்சிருந்தா, கொழந்தைய எங்கிட்டக் குடுத்திருப்பியாம்மா?"