இரண்டாம் பாகத்து நாயகன்

"உன் நாவல்ல வர்ற வில்லன் நான்தான்னு ஆபீஸ் முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. டீ கொண்டுவர்றவன்கூடச் சிரிக்கிறான்" என்றபடி வந்து உட்கார்ந்தான், நாவலாசிரியையின் முன்னாள் கணவன்.

விவாகரத்து வாங்கிய கையோடு இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டவன். அவன் முகம் தொங்கிக் கிடப்பதைப் பார்த்து அவளுக்கு வயிறு குளிர்ந்தது. ஆனாலும் போதவில்லை.

"உங்க வீட்டம்மா என்ன சொல்றாங்க?"

"நீ வயித்தெரிச்சல்ல எழுதியிருக்கேன்னு சிரிக்கிறா. ஒரு வரிகூட நம்பலை."

அவள் பேனாவை மூடி வைத்தாள். "சரி, ரெண்டாம் பாகத்துல உங்களை ஹீரோவாக்கிடறேன். காதல் கதையில வில்லன் திருந்தினா வாசகிங்க உருகிடுவாங்க."

அவனுக்கு வாயெல்லாம் பல். "நான்தான்னு பளிச்சுனு தெரியணும். தாடையில மச்சம், பச்சை ஸ்கூட்டர், எதையும் விட்டுடாதே."

எதையும் அவள் விடவில்லை. புத்தகம் சுடச்சுட விற்றது. மறுவாரம் அவன் கையில் பெட்டியோடு அவள் வாசலில் நின்றான்.

"ஹீரோவாத்தானே எழுதினேன்?"

"நல்லா எழுதினே. ரெண்டாவது பொண்டாட்டி தூங்கினப்புறம், முதல் பொண்டாட்டியை நினைச்சு மொட்டைமாடியில அழற ஹீரோ! மச்சமும் ஸ்கூட்டரும் நிஜம், அழுகை மட்டும் பொய்யான்னு கேட்டு வெளியே தள்ளிட்டா. நான் அழுததே இல்லைன்னு அவகிட்ட நீயே வந்து சொல்லு."

"எனக்குத் தெரியாதா? என்னை விட்டுட்டுப் போன அன்னிக்குக்கூட நீங்க அழலையே" என்று சொல்லிவிட்டு, அவள் நிதானமாகக் கதவைச் சாத்தினாள்.